தம்புரா எங்கே உட்கார்ந்திருக்கிறது?

என்னிடம் ஒரு வீட்டுக் கச்சேரிப் பதிவு இருக்கிறது. நண்பர் ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் இரண்டே இரண்டு மைக் வைத்து எடுத்தது. நடுவில் பாடகி. கேட்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது கைப் பக்கம் மிருதங்கம், வலது கைப் பக்கம் வயலின், பாடகியின் முதுகுக்குப் பின்னால் தம்புரா. பழைய வாடகை வீட்டில் இதைப் போட்டுக் கண்ணை மூடினால், தம்புராவின் நாதம் பாடகிக்கு நாலடி பின்னாலிருந்து, எங்கள் வீட்டுச் சுவரையும் தாண்டிய ஓர் இடத்திலிருந்து வரும். அப்புறம் வீடு மாறினோம். அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப் (ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்), அதே பதிவு. நான்கு பேரும் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி ஒரே வரிசையில் தொங்கினார்கள். இடது, வலது எல்லாம் ஒழுங்காக இருந்தது. முன், பின் மட்டும் போய்விட்டது.

"ஆம்ப்ப மாத்துங்க, அப்புறம் பாருங்க" என்றுதான் கேட்டவர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். நானும் ஒரு நண்பரின் வால்வு ஆம்ப்பை (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் போட்டது) ஒரு மாதம் வாங்கி வைத்துக் கேட்டேன். குரலின் நிறம் கொஞ்சம் மாறியது. தம்புரா நகரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரை ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை மூன்றடி முன்னால் இழுத்து, என் நாற்காலியையும் பின்சுவரிலிருந்து நகர்த்திப் போட்டேன். தம்புரா பின்னால் போனது. முன்பிருந்த அளவுக்கு இல்லை, ஆனால் போனது. இந்த முன்-பின் ஆழம் என்பது எங்கிருந்து வருகிறது என்று ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தது அந்த ஞாயிறுக்குப் பிறகுதான்.

இடம் வலம் எப்படி வருகிறது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கதை. 1931-இல் லண்டனில் ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் பிளம்லைன், பின்னாளில் தன் மனைவியான டோரீனுடன் சினிமாவுக்குப் போயிருந்தார். திரையில் ஆள் ஒரு ஓரத்தில் நிற்க, குரல் வேறெங்கிருந்தோ வந்தது. ஆள் போகும் பக்கமெல்லாம் குரலையும் போக வைக்கத் தன்னிடம் வழி இருக்கிறது என்று டோரீனிடம் சொன்னாராம். அந்த வருடம் டிசம்பரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்வதின் பெரும்பகுதி அந்த ஒரே விண்ணப்பத்தில் இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே குரல் ஒரே அளவில் வந்தால் அது நடுவில் நிற்கும். ஒரு பக்கம் சத்தம் கூடினால் அந்தப் பக்கம் சாயும். ஆயிரத்தில் ஒரு நொடி முந்தி வந்தாலும் போதும், முந்திய பக்கத்துக்கே போய்விடும்.

ஆழத்துக்கு இப்படி ஒரு நேரடிச் சூத்திரம் கிடையாது. இரண்டு ஸ்பீக்கரும் நம்மிடமிருந்து ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. அப்படியிருக்க, ஒன்று கிட்டே, ஒன்று எட்டே என்று மூளை எதை வைத்து முடிவு செய்கிறது? அன்றாட வாழ்க்கையில் எதை வைத்துச் செய்கிறதோ அதை வைத்துத்தான். கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் பேசினால் முதலில் அவர் குரல் நேராகக் காதுக்கு வருகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் அதே குரல் நன்றாகத் தாமதித்து, மெலிந்து வருகிறது. மண்டபத்தின் அந்தக் கோடியில் ஒருவர் பேசினால் நேர் ஒலியும் சுவர் ஒலியும் கிட்டத்தட்டச் சேர்ந்தே வருகின்றன. சுவரின் பங்குதான் அதிகம். கூர்மையான மேல் அதிர்வெண்களும் வழியில் கொஞ்சம் கரைந்துவிடும். நேர் ஒலிக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, மேல் அதிர்வெண்களின் இழப்பு, மொத்த சத்தம். தூரத்தைச் சொல்லும் அடையாளங்கள் இவைதான்.

நல்ல பதிவில் இந்த அடையாளங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. என் நண்பரின் இரண்டு மைக்குகளும் தம்புராவை மட்டும் பிடிக்கவில்லை, தம்புரா அந்தக் கூடத்துச் சுவர்களில் பட்டு வந்த விதத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தன. பிரதான ஒலியைவிட இருபது, முப்பது டெசிபல் (ஒலியளவின் அலகு) கீழே கிடக்கும் மெல்லிய விஷயம் அது. சிக்கல் என்னவென்றால், அதை நான் போட்டுக் கேட்கும் அறைக்கும் சுவர்கள் இருக்கின்றன. என் சுவர்கள் தங்கள் எதிரொலியை அதன் மேல் பூசுகின்றன. நண்பரின் கூடம் சொல்வதை என் அறை குறுக்கே பேசிக் கெடுக்கிறது.

எவ்வளவு சத்தமாகக் குறுக்கே பேசுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம். கொள்ளளவு 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்துப் பரப்பு 63 சதுர மீட்டர். பூசிய செங்கல் சுவரும் டைல்ஸ் தரையும் தம் மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உறிஞ்சும். ஆக, காலி அறையில் ஒரு கைதட்டல் முற்றிலும் அடங்க மூன்று, நான்கு நொடி ஆகும். புது வீடு பார்க்கப் போகும்போது பேச்சு கணீரென்று திரும்பி அடிப்பது இதனால்தான். கட்டில், மெத்தை, திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி எல்லாம் வந்தபின் இது அரை நொடி அளவுக்கு இறங்கும்.

இந்தக் கணக்கின் சூத்திரமே ஒரு மெத்தைக் கதையிலிருந்து வந்தது. 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி. சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்குவார். ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி மறைய எத்தனை நொடி என்று குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். எத்தனை மெத்தைக்கு எத்தனை நொடி குறைகிறது என்ற அந்தப் பட்டியலிலிருந்து பிறந்ததுதான் இன்றும் எல்லோரும் பயன்படுத்தும் முழக்க நேரச் சூத்திரம். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி அரங்கம் அவர் கணக்கை வைத்துக் கட்டியது.

சரி, அரை நொடி நல்ல எண்தானே என்று தோன்றும். அதே அறையில் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து விலக விலக நேர் ஒலி குறைந்துகொண்டே போகும். அறையின் எதிரொலியோ எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கும். இரண்டும் சமமாகும் தூரம் என்று ஒன்று உண்டு. நம் பத்துக்குப் பன்னிரண்டு அறையில், சாதாரணப் பெட்டி ஸ்பீக்கருக்கு, அது சுமார் ஒரு மீட்டர். சின்ன அறைகளில் இந்தக் கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் அது சொல்வதைக் கவனியுங்கள்: ஏழடி தள்ளி சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கேட்பதில் ஸ்பீக்கரின் பங்கைவிட அறையின் பங்கு அதிகம். எத்தனை லட்சம் போட்டு ஆம்ப் வாங்கினாலும் அதன் பிறகு வரும் இந்தப் பங்கு அப்படியே இருக்கும். அந்த வால்வு ஆம்ப் தம்புராவை நகர்த்தாமல் போனதற்கு இதுவே முதல் காரணம்.

எதிரொலியின் மொத்த அளவு மட்டும் பிரச்சினை இல்லை, அது வந்து சேரும் நேரமும் முக்கியம். நம் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஒரு மில்லி நொடிக்கு 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் தன் பின்னால் உள்ள சுவரிலிருந்து ஒரு அடியில் இருந்தால், சுவரில் பட்டு வரும் ஒலி இரண்டு அடி அதிகம் பயணம் செய்து இரண்டு மில்லி நொடிக்குள் வந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் வருவதைக் காது தனி எதிரொலியாகக் கேட்பதில்லை. ஹெல்மூட் ஹாஸ் 1949-இல் ஜெர்மனியில் காட்டியது இதுதான்: முப்பது மில்லி நொடிக்குள் வருவதை மூளை முதல் ஒலியோடு சேர்த்துவிடும், திசையை முதல் ஒலிக்கே கொடுத்துவிடும். ஆனால் சேர்ந்துவிட்டது என்பதால் மறைந்துவிட்டது என்று ஆகாது. சுவர் மிகப் பக்கத்தில் இருக்கிறது என்ற செய்தி அதில் இருக்கிறது. பதிவில் உள்ள பெரிய கூடம் பதினைந்து, இருபது மில்லி நொடி இடைவெளிகளில் பேசிக்கொண்டிருக்கும்போது, இரண்டு மில்லி நொடியில் என் சுவர் வந்து நிற்கிறது. கேட்பவர் மனதில் விரியும் இசை மேடை அந்தச் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. ஸ்பீக்கரை மூன்றடி முன்னால் இழுத்தபோது அந்த இடைவெளி ஐந்து மில்லி நொடிக்கு மேல் போனது. கூடம் பேச இடம் கிடைத்தது.

தலைக்குப் பின்னால் இருக்கும் சுவரும் இதே அளவுக்குக் கெடுக்கும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். அப்போது காதுக்குப் பின்னால் ஒரு சாணில் சுவர். அதிலிருந்து திரும்புவது ஒரு மில்லி நொடியில் வந்து, சில அதிர்வெண்களைக் கூட்டி, சிலவற்றை அழித்துவிடும். அங்கே பேஸும், அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலியும், குவிந்து உப்பும். இரண்டடி முன்னால் வர முடியாதென்றால் தலைக்குப் பின்னால் தடித்த தலையணைகளையாவது அடுக்கிப் பாருங்கள். அதுவே வித்தியாசம் தெரியும்.

பக்கச் சுவர்களில் எனக்கு அவ்வளவு கடுமையான கருத்து இல்லை. பக்கத்திலிருந்து வரும் எதிரொலி மேடையை அகலமாக்கும், பலருக்கு அது பிடிக்கும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல்லாண்டு இதை ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கரின் பக்கவாட்டு ஒலியும் முன் ஒலியைப் போலவே சீராக இருந்தால் பக்க எதிரொலியால் பெரிய கேடு இல்லை என்கிறார். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இடது பக்கம் வெறும் சுவர், வலது பக்கம் சாப்பாட்டு மேசைக்குத் திறந்த வழி என்றால் நடுக் குரல் சுவர்ப் பக்கம் சாயும், ஆழமும் ஒரு பக்கம் மட்டும் விரியும். என் அறையில் இடது பக்கம் இரும்பு பீரோ இருந்தது. மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) அடி விழும் போதெல்லாம் அதன் கதவு மெல்ல அதிர்ந்ததை, கையை வைத்துப் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளை மனதில் வைத்தவை. அங்கே சுவர் என்றால் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. பேஸ் வந்து மோதினால் அது தானும் அதிர்ந்து கொஞ்சத்தை விழுங்கிவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் எதையும் விழுங்காது. எனவே "கம்பளம் விரியுங்கள், திரை போடுங்கள்" என்ற அறிவுரையை அப்படியே செய்தால் மேல் அதிர்வெண் மட்டும் உறிஞ்சப்பட்டு, பேஸ் அப்படியே தங்கிவிடும். அறை மந்தமாகவும் அதே சமயம் குமுறலாகவும் ஆகிவிடும். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் ஒன்றாக அமைந்த அறையில் இது இன்னும் மோசம். இரண்டு அளவுகளும் ஒரே 57 ஹெர்ட்ஸில் ஒத்து அதிரும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும் போதெல்லாம் அறை அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் மெல்லிய விஷயங்களை மூடிவிடும்.

இதற்கு முட்டை அட்டை உதவாது. சுவரில் ஒட்டும் ஒரு அங்குல ஸ்பாஞ்சும் உதவாது. பேஸுக்கு அது ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். தடிமன் வேண்டும். நான் செய்தது: பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிறுத்தி, சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டுச் சாய்த்தேன். எங்கே என்று தெரிய, என் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்ள, மகள் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனாள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் ஒலி பட்டுத் திரும்பும் இடம். அங்கே மெத்தை.

இனி ஆம்ப். அறைதான் பெரிய பங்கு என்பதால் ஆம்ப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் பணத்தை எங்கே போடுவது என்று புரியும்.

முதல் வழி அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்பின் வெளியீட்டில் மின்னோட்டத்துக்கு உள்ள தடை. ஸ்பீக்கருக்கும் இப்படி ஒரு தடை உண்டு, அதன் அலகு ஓம். ஸ்பீக்கரில் எட்டு ஓம் என்று எழுதியிருக்கும், ஆனால் அது ஓர் அதிர்வெண்ணில் நாலு ஓமுக்கு இறங்கும், இன்னொன்றில் இருபது வரை ஏறும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் உள் இம்பீடன்ஸ் ஓமில் சில நூறில் ஒரு பங்கு. அதனால் ஸ்பீக்கர் எப்படி ஏறி இறங்கினாலும் வெளிவரும் அளவில் பத்தில் ஒரு டெசிபல்கூட மாறாது. சில வால்வு ஆம்ப்களில் அது இரண்டு ஓம். அப்போது நாலு ஓம் இடத்துக்கும் இருபது ஓம் இடத்துக்கும் நடுவே இரண்டரை டெசிபலுக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். இது காதுக்கு நன்றாகத் தெரியும். ஸ்பீக்கரைப் பொறுத்து, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி கொஞ்சம் தணிந்தால் குரல் ஒரு எட்டு பின்வாங்கும். தூக்கினால் முகத்துக்கு நேரே வரும். "இந்த ஆம்ப்பில் ஆழம் அதிகம்" என்று உண்மையாகவே கேட்டுச் சொல்பவர்களில் பலர் கேட்டது இதைத்தான் என்பது என் கருத்து. அவர்கள் கற்பனை செய்யவில்லை.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 1985-இல் அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்களிடம் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர் ஒரு சவால் விட்டார். அவர்கள் தேர்ந்தெடுக்கும் எந்த விலையுயர்ந்த ஆம்ப்பின் ஒலியையும் தன்னுடைய விலை குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னார். அவர்கள் ஒரு பெரிய வால்வு ஆம்ப்பைக் கொடுத்தார்கள். கார்வர் இரண்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்தார். மிச்சம் வருவது வித்தியாசம். அந்த மிச்சம் குறையக் குறைய, கேட்பவர்கள் சொல்லும் வேறுபாடுகளும் குறைந்தன. 70 டெசிபல் அளவுக்கு, அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்குக்கு மிச்சம் இறங்கியபோது, அவர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேட்ட வேறுபாடு முழுவதும் அளக்கக்கூடிய ஒன்றில்தான் இருந்தது.

இரண்டாவது வழி சக்தி. சராசரியாக ஒரு வாட்டில் ஓடும் பாட்டில் மிருதங்கத்தின் ஒரு சாப்பு இருபது டெசிபல் மேலே போனால் அந்தக் கணத்துக்கு நூறு வாட் வேண்டும். ஆம்ப்பிடம் அது இல்லையென்றால் அடியின் முனை மழுங்கும். நேர் ஒலியின் கூர்மை போனால், பின்னால் வரும் எதிரொலியிலிருந்து அதைப் பிரிக்கும் அடையாளமும் போகும். கிட்டே இருக்கும் மிருதங்கம் எட்டிப் போகும்.

மூன்றாவது எல்லோரும் கவனிக்காமல் விடுவது: வால்யூம் குமிழ். இரண்டு சேனலுக்கும் ஒரே தண்டில் சுழலும் சாதாரணக் குமிழ்களில், அடிமட்டத்தில் இடதுக்கும் வலதுக்கும் ஒன்றிரண்டு டெசிபல் ஒத்துப்போகாமல் இருக்கும். இரவில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது மேடை ஒரு பக்கம் சாய்ந்து தட்டையாவது பல வீடுகளில் இதனால்தான். சேனல்களுக்கு இடையே கசிவு என்று விளம்பரத்தில் போடும் எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். இசைத்தட்டு ஊசியில் முப்பது டெசிபல் பிரிவு கிடைத்தாலே பெரிது. இசைத்தட்டில்தான் ஆழம் அதிகம் என்று சொல்பவர்கள் எத்தனை பேர்!

இரண்டு ஆம்ப்பை ஒப்பிடுகிறீர்கள் என்றால் முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு வோல்ட்டில் இருபது மில்லிவோல்ட் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் பத்தில் ஒரு டெசிபலுக்குள் வந்துவிட்டீர்கள். அரை டெசிபல் கூடியதைச் சத்தமாகக் காது உணர்வதில்லை. தெளிவாக, கிட்டத்தில் கேட்பதாக உணர்கிறது. கடையில் பல ஆம்ப் விற்பனை இந்த அரை டெசிபலில்தான் நடக்கிறது.

பதிவில் ஆழம் இல்லாமலும் இருக்கலாம். சபாக்களில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக் வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து மோனோவாக எடுத்த கச்சேரிகளில் தம்புரா எங்கே உட்கார்ந்திருந்தது என்ற செய்தியே கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது வீண் வேலை. குறைந்த மைக்குகளில், நல்ல கூடத்தில் எடுத்த ஒரு பதிவைச் சோதனைக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மின்விசிறி. ஆம்ப்பின் இரைச்சல் எண்ணைப் பார்த்து நூறு டெசிபலா நூற்றுப் பத்தா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். என் அறையில் விசிறி ஓடும்போது கைபேசிச் செயலி 45 டெசிபல் காட்டியது. 70 டெசிபலில் பாட்டு ஓடினால், அதற்கு முப்பது டெசிபல் கீழே கிடக்கும் கூடத்தின் எதிரொலி விசிறிச் சத்தத்துக்கும் அடியில் போய்விடுகிறது. இப்போதெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கியபின், விசிறியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கேட்கிறேன். வியர்க்கும். ஆனால் பாடகி பல்லவிக்கு முன் மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில், தம்புரா அவர் தோளுக்குப் பின்னால், நண்பர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.